பாப்பாவின் கட்டத்தில் என் ரேகை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவன் கும்பிட்டுச் சொல்லி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா என்று எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. கடல் தாண்டி இங்கே நாங்கள் மூன்று பேரும் பாப்பாவும் இருக்கிறோம்.

நான் சொல்ல வந்த காரியம் எந்த வருஷம் நடந்தது என்று எண் போட்டுச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊரெல்லாம் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு திரிந்தோமே, அந்த நோய் ஓய்ந்து மூன்றாம் வருஷம். உங்களுக்கு வலது கண்ணில் புரை எடுத்த வருஷம். நான் வேலை பார்த்த குடோனை இடித்துவிட்டார்கள் என்று பழைய கணக்கரின் மகன் போனில் சொன்ன வருஷம். பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைத்து, யாரைப் பார்த்தாலும் கடித்துக்கொண்டிருந்த வருஷம். தங்கச்சி, உங்கள் வீட்டம்மா, கண்ணை மூடின வருஷம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான்தான் சுற்றி வளைக்கிறேன்.

போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பர் எனக்கு மனப்பாடம். நாலு தடவை அமுக்கினேன். அந்தப் பக்கம் மணி அடித்ததும் வைத்துவிட்டேன். பத்து நாளைக்கு முன்னால் உங்கள் போனில் வந்து நின்றுபோன மணி என்னுடையதுதான்.

இந்தக் கையெழுத்து யாருடையது என்றும் யோசிப்பீர்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நகல் எடுக்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் நம் பாஷைக்காரர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். வார்த்தையை அழகுபடுத்தக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீங்களே எழுதினால் என்ன என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

சம்பந்தி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொஞ்சம் தெரியும், மறந்துவிட்டது என்பதெல்லாம் இல்லை. ஓர் எழுத்தும் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். பஸ் நம்பர், கதவு நம்பர், போன் நம்பர் பார்த்துச் சொல்வேன். மற்றதெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.

நிச்சயத்தன்று என் மகன் உங்களிடம், அப்பா பத்தாவது வரைக்கும் படித்தவர், லாரி உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் என்று சொன்னான். பாதி உண்மை. அந்தக் குடோனுக்கு நான் பெட்டி இறக்கப் போனவன். ஆனால் எந்தச் சாமான் எந்த அடுக்கில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் எனக்கு மறக்காது. பெட்டியின் நிறத்தையும், மூலை நசுங்கி இருப்பதையும், தூக்கினால் உள்ளே கேட்கிற சத்தத்தையும் வைத்துச் சொல்வேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட சாமான் மாற்றிக் கொடுத்ததில்லை. முதலாளி என்னைக் கேட்காமல் ஒரு நட்டு எடுக்கமாட்டார். மாசம் பிறந்தால் மட்டும் கணக்கர் என் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு நோட்டில் உருட்டுவார். விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெளியே வருவேன். எண்ணெய் முடியில் மை ஓடிவிடும், யாருக்கும் தெரியாது.

வெளி ஆட்களிடம் தப்பிக்க ஒரு தந்திரம் வைத்திருந்தேன். என் கண் இன்றைக்கும் ஊசி கோர்க்கும். ஆனாலும் சட்டைப் பையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். வெறும் கூடு. யாராவது காகிதத்தை நீட்டினால் கூட்டைத் திறந்து பார்த்து, அடடா, கண்ணாடி வீட்டிலேயே போச்சே என்பேன். நிச்சயத்தன்று நீங்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோதும் அதைத்தான் செய்தேன். பாவம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து, உங்கள் பத்திரப் பதிவு ஆபீஸ் கதையெல்லாம் சொன்னீர்கள். விரலில் மை ஒட்டிக்கொண்டவர்கள் ஆபீஸ் சுவரிலேயே தேய்த்துவிட்டுப் போவார்கள், அந்தச் சுவருக்கு நாங்கள் கைநாட்டுக் கண்காட்சி என்று பெயர் வைத்திருந்தோம் என்று சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் என் தொடையில் தட்டி, நம்ம தலைமுறையோட கைநாட்டு ஒழிஞ்சுது சம்பந்தி, என்ன சொல்றீங்க என்று கேட்டீர்கள். நான் ஆமா ஆமா என்றேன். அந்தக் கூட்டத்தில் அதிகமாகச் சிரித்தவன் நான்தான். உங்கள் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன தெரியும்? தெரியாதபடி பார்த்துக்கொண்டது நான்.

மருமகளுக்கும் தெரியாது. கட்டிக்கொடுத்த வீட்டில் மாமனார் கைநாட்டு என்று தெரிந்தால் மதிப்பு போய்விடும் என்று என் மகன் நினைத்தான். நானும் சரி என்றேன். என் பாஸ்போர்ட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ரேகைதான் இருக்கிறது. அதனால் அதை அவன் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியே வைத்திருந்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சிக்கு வயிற்றில் கட்டி, இனிமேல் அறுத்துப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொன்ன செய்தி இங்கே ஒரு வியாழக்கிழமை வந்தது. மருமகள் உடனே கிளம்பத் தயாராக இருந்தாள். ஆனால் பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. மூன்று வயதாகட்டும், அப்புறம் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஊருக்குப் போவோம் என்று விட்டிருந்தார்கள். பாப்பாவை விட்டுவிட்டு நீ மட்டும் போய் வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நானும் மகனும் சொன்னோம். தங்கச்சிதான் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டுதானே இருக்கிறாய் அம்மா என்று மருமகள் சொன்னதற்குத் தங்கச்சி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“கண்ணாடிக்குள்ள இருக்குற புள்ளைய இடுப்புல வைக்க முடியுமாடி? அவளையும் தூக்கிட்டு வா. அதுவரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்.”

அவசரத்துக்குத் தற்காலிகப் பாஸ்போர்ட் என்று ஒன்று தருவார்களாம். கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பம் போடலாம், எல்லாம் சரியாக இருந்தால் நாலைந்து நாளில் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள். பாப்பாவை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிரிக்கக் கூடாது என்று சொன்னால் சிரிக்கிறது, வாயை மூடு என்றால் நாக்கை நீட்டுகிறது. கடைசியில் அழுது முடித்து ஓய்ந்த முகத்தைத்தான் எடுக்க முடிந்தது. அந்தப் படத்தோடு ஒரு தாளை அச்செடுத்து, தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. அதற்குள் பாப்பா தூங்கிவிட்டது. மகன் சாயங்காலமே கிளம்பிவிட்டான். அவன் வேலை செய்கிற இடம் நாலு மணி நேரத் தூரம், வாரக் கடைசியில்தான் வருவான். மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிப்ட், விடியும்போதே போய்விடுவாள்.

திங்கட்கிழமை நான் எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாள் இருந்தது. பக்கத்தில் ஒரு மைப்பெட்டி, புதுசு. அதற்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. மேலே ஒரு காகித உறை.

சம்பந்தி, நீங்கள் முப்பது வருஷம் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர். நான் இந்தப் பக்கம் நின்றவன். என் ஆயுசில் ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் யாராவது சேர்த்து வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாளைப் பார்த்தேன். பாப்பா படம் இருந்தது. தாய் கையெழுத்து இருந்தது, தகப்பன் கையெழுத்து இருந்தது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. வீட்டில் இருக்கிற பெரியவன் சம்மதமும் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். விண்ணப்பத்துக்காக எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் பெட்டியிலிருந்து எடுத்தார்களே, அப்போது என்னுடையதையும் மருமகள் பார்த்திருப்பாள், தெரிந்துகொண்டிருப்பாள், நேரில் கேட்டால் கிழவனுக்கு வெட்கமாக இருக்கும் என்று யாரும் இல்லாத நேரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

சீட்டை என்ன செய்வது? கீழே போய்க் கடைக்காரரிடம் காட்டினால் அவருக்கும் தெரிந்துபோகும். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாப்பா எழுந்து பால் குடித்துவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தது. மைப்பெட்டியைத் திறந்ததும் விரலை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். “இது தாத்தா சமாச்சாரம், தொடாதடி” என்றேன். அந்த விரலைத் தட்டிவிட்டு, என் இடது கட்டைவிரலை மையில் தொட்டு, கணக்கர் பழக்கிய மாதிரி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு உருட்டி, கோட்டில் படாமல் கட்டத்துக்குள் வைத்தேன். அவ்வளவு சுத்தமாக என் ரேகை எங்கேயும் விழுந்ததில்லை. விரலைத் தலையில் துடைத்துக்கொண்டேன். தாளை உறையில் போட்டேன். பத்து மணிக்குக் கடைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய், மருமகள் சொல்லியிருந்தபடி ஸ்கேன் எடுத்து ஏற்றிவிட்டார்.

மூன்று மணிக்கு மருமகள் வந்தாள். என் தலையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அந்த வாரத்தில் சிரித்தது அது ஒன்றுதான். என் முடி இப்போது முழுக்க வெள்ளை. எண்ணெயும் வைப்பதில்லை. நீலமாகத் தீற்றிக்கொண்டு நின்றிருக்கிறது.

“என்ன மாமா, உங்க தலையில கைய வச்சுட்டாளா? ஒழுங்கா வெரல் வச்சாளா, இல்ல படுத்திட்டாளா?”

அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கட்டம் பாப்பாவுடையது என்று.

சொல்லியிருக்கலாம். அம்மா, தப்பு நடந்துபோச்சு, அது என் விரல் என்று ஒரு வாக்கியம். சொன்னால், சீட்டு எழுதி வைத்தேனே மாமா என்பாள். சீட்டைப் படிக்கவில்லையா என்பாள். அங்கே வந்து நின்றது என் நாக்கு. உங்கள் சிரிப்பும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது, பொய் சொல்லக் கூடாது.

“ம்” என்றேன்.

அந்த ம்-ஐத்தான் சம்பந்தி நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது. விரல் வைத்தது தெரியாமல் நடந்தது. இது தெரிந்து நடந்தது. ஏற்றின தாளை அன்றைக்கு ஆபீஸ் மூடுகிற வரைக்கும் மாற்றிக்கொள்ளலாமாம். மூன்று மணிக்கு அவள் கேட்டாள். ஆபீஸ் மூடுவது ஐந்து மணிக்கு. கடை கீழேயே இருக்கிறது. பாப்பாவும் முழித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மணி நேரம் என் வாயில் இருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை விரல் சமாச்சாரம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் வரவேண்டிய நேரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. கட்டத்தில் இருப்பது குழந்தையின் ரேகையாகத் தெரியவில்லை, பெரியவர் ஒருவருடையதாகத் தெரிகிறது, தாயார் குழந்தையோடு நேரில் வந்து எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று போட்டிருந்தார்களாம். நேரில் பார்க்க நாள் கேட்டால், பதினோரு நாள் தள்ளித்தான் இடம் இருந்தது. அதற்கு முன்னால் கேட்டு அவள் எத்தனை தடவை போன் செய்தாள் என்று நான் எண்ணினேன். இருபத்தாறு தடவை.

அந்த ரேகையை அவள் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். குடோனில் பெட்டிப் பட்டை அறுத்த தழும்பு என் கட்டைவிரலில் குறுக்கே ஓடுகிறது. அந்த ரேகையிலும் ஓடியது. அன்றைக்குச் சாப்பாடு வைக்கும்போது அவள் கண் என் கையில் நின்றது. நான் கையைச் சோற்றுக்குள் புதைத்துக்கொண்டேன். சீட்டு ஒன்று வைத்தேனே மாமா என்று மெதுவாகக் கேட்டாள். பார்க்கவில்லையே, காற்றில் பறந்திருக்கும் என்றேன். சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் துணி துவைக்கப் போடும்போது என் சட்டைப் பையில் அந்தச் சீட்டு அவள் கைக்குக் கிடைத்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், சட்டை காய்ந்து மடித்து வந்தபோது சீட்டு நனையாமல் அதே பையில் இருந்தது. மறுநாளிலிருந்து என் மாத்திரை அட்டைகளில் சூரியனும் நிலாவும் வரைந்து வைக்க ஆரம்பித்தாள். ஏதாவது காகிதம் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே வாசிப்பது போலச் சத்தமாக வாசிப்பாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆபீசுக்குக் கொடுத்த விளக்கத்தை அவள் இந்தக் கடையில்தான் அச்செடுத்தாள். கடைக்காரர் பார்த்துவிட்டு, பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். அவசரத்தில் தன் கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாள். என் பேச்சே அதில் இல்லை.

அந்தப் பதினோரு நாளில் ஒன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி போய்விட்டார். செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போனார்கள். பாப்பாவின் விரலை அங்கே ஓர் அம்மாள் பிடித்து வைத்தார். வியாழக்கிழமை பாஸ்போர்ட் வந்தது. சனிக்கிழமை அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும், அப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். எனக்கு மகன் சொல்லித் தெரியும்.

ஏன் இத்தனை நாள் என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். நான்தான் பாஸ்போர்ட் பாரத்துல தப்புப் பண்ணிட்டேன்ப்பா என்றாள். அதற்கு நீங்கள் சொன்ன வார்த்தையை மகன் என்னிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

“பத்தாயிரம் பேரோட பாரத்தை நான் சரிபார்த்திருக்கேன். என் பொண்ணு இவ்வளவு படிச்சும் ஒரு பாரம் போடத் தெரியல. பெத்தவ கண்ணு மூடுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா.”

அது அவளுக்குச் சொன்ன வார்த்தை இல்லை சம்பந்தி. வழி தப்பி அவளிடம் போய்விட்டது. சேர வேண்டிய இடம் இங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் கடைக்காரர் பேனாவை வைத்துவிட்டார். பெரியவரே, இதெல்லாம் எழுதினா அவரு உங்க மூஞ்சியில முழிப்பாரா, யோசிச்சுச் சொல்லுங்க என்கிறார். உறையிலிருந்து எடுத்த தாளைச் சரியாகப் பார்க்காமல் ஏற்றினதில் தனக்கும் பங்கு உண்டு, அதையும் சேர்த்து எழுதட்டுமா என்றும் கேட்கிறார். உன் பாவத்துக்கு நீ தனிக் கடுதாசி போடு, என் இடத்தை அடைக்காதே என்றேன். சிரித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்.

அந்தச் சீட்டை இத்தனை நாள் வைத்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் இவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பாப்பா பால் குடித்த பிறகு கையைத் துடைத்துவிட்டு, அவள் கட்டைவிரலை மையில் தொட்டு, படத்துக்குக் கீழே இருக்கிற கட்டத்தில் வையுங்கள் மாமா. பத்து மணிக்குக் கடைக்காரர் வருவார். மை போகவில்லை என்றால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், தேய்த்தால் அழுவாள். இவ்வளவுதான் இருந்தது. கடைக்காரர் ஒரு மூச்சில் வாசித்து முடித்துவிட்டார்.

நீங்கள் மகளோடு பேசி வருஷம் திரும்பப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போன் போடுகிறாள். நீங்கள் எடுத்து, பாப்பாகிட்ட குடு என்கிறீர்கள். பாப்பாவிடம் கால் மணி நேரம் பேசுகிறீர்கள். பறவை கத்துகிற மாதிரியெல்லாம் கத்திக் காட்டுகிறீர்கள். மருமகள் அடுப்பங்கரை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா, “தாத்தா, அம்மாகிட்ட பேசு” என்று போனைக் கொண்டுபோய் அவள் காதில் வைத்தது. அந்தப் பக்கம் நீங்கள் வைத்துவிட்டீர்கள். அவள் போனை மேஜையில் வைத்துவிட்டு, துடைத்து வைத்திருந்த அடுப்பை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று திரும்பவில்லை.

மகனிடம், நான் சம்பந்தியிடம் சொல்லப்போகிறேன் என்றேன். வேணாம்ப்பா, கொஞ்ச நாள்ல சரியாயிடும், இத்தனை வருஷம் காப்பாத்தின மானத்தை இப்பப் போய் ஏன் விடணும் என்றான். யாருடைய மானத்தை யார் தலையில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று கேட்டேன். அவன் மேலும் தப்பில்லை, நான் பழக்கினதுதான். மருமகளுக்கு இந்தக் கடிதம் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

மன்னியுங்கள் என்று நான் கேட்கவில்லை. தங்கச்சி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பதினான்கு நாளை நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்? திட்டுங்கள். ஊருக்கெல்லாம் சொல்லுங்கள். நம் வீட்டுச் சம்பந்தி கைநாட்டு, பொய்க்காரன் என்றும் சொல்லுங்கள். இரண்டும் உண்மை. நான் அங்கே வந்தால் வாசலில் நிறுத்தியே பேசுங்கள், நிற்கிறேன். உங்களுக்கு நீண்ட ஆயுசு வேண்டும், பாப்பா பேசுகிற பேச்செல்லாம் நீங்கள் கேட்க வேண்டும் என்று மட்டும் தினம் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், பாப்பாகிட்ட குடு என்பதற்கு முன்னால், சாப்டியாம்மா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் செய்ததை அவளிடம் பேச வேண்டாம். அவளே மூடி வைத்திருக்கிறாள், அது அவள் பெருந்தன்மை. சாப்டியாம்மா, அது போதும். போன வாரம் பாப்பா அவளிடம், அம்மா, நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப உன்னை யாரு தூக்குவாங்க என்று கேட்டது. மருமகள் விரல் விட்டு எண்ணினாள். அப்பாவைப் பெற்ற ஆத்தா, பக்கத்து வீட்டுத் தையற்கார அக்கா, பெரியப்பா, அம்மா என்று நாலு விரலை மடக்கினாள். எல்லாரும் எங்கே என்று பாப்பா கேட்டதற்கு, போயிட்டாங்க என்றாள். ஐந்தாவது விரலை மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா அந்த விரலைப் பிடித்து இழுத்து, இது யாரு, இது யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அவளைத் தூக்கி வளர்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவர், சம்பந்தி, அவளுடைய அப்பா ஒருத்தர்தான்.